கல் பொறுக்கும் பிள்ளை ஆசிரியராக வேண்டுமென்றால்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு,

வணக்கம்.

போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஓர் அப்பா தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தார். மகள் புவியியல் டீச்சராகத்தான் ஆவேன் என்கிறாளாம். "மூணு வருஷம் டிகிரி, ரெண்டு வருஷம் பி.எட்., அப்புறம் பரீட்சை மேல பரீட்சை. அஞ்சு வருஷம் நம்மால தாக்குப் பிடிக்க முடியுமா சார்? சீக்கிரம் முடிக்க ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இதே கேள்வி இன்னும் சில வீடுகளில் இருக்கும். அதனால் முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன்.

வழி இருக்கிறது. ஒரு வருடம் மிச்சமாகும். அதற்கு மேல் யாராவது மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

நான் படித்த காலத்தில் பி.எட். ஒரே வருடம்தான். 2015 முதல் அது இரண்டு வருடமாகிவிட்டது. பட்டப்படிப்பையும் பி.எட்.டையும் தனித்தனியாகப் படித்தால் ஐந்து வருடம். இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில், எட்டுப் பருவங்களில் முடிப்பதுதான் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இது நேற்று முளைத்ததும் இல்லை. மைசூரில் என்.சி.இ.ஆர்.டி.யின் (மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம்) மண்டலக் கல்வி நிறுவனம் 1963-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டையும் சேர்த்துத் தென்மாநிலங்களுக்கு அதுதான் மண்டல நிறுவனம். இப்படி நான்கு வருடத்தில் ஆசிரியரை உருவாக்கிப் பழகிய இடம். 2021-ல் மத்திய அரசு இதையே தேசியக் கல்விக் கொள்கையின் ஒரு பகுதியாக, ஐ.டி.இ.பி. (ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு) என்ற பெயரில் புதிதாக அறிவித்தது. 2023 முதல் பல நிறுவனங்களில் அது நடக்கிறது. அந்தக் கொள்கை பற்றி டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற இழுபறி உங்களுக்குத் தெரியும். அதில் நமக்கும் ஒரு கருத்து இருக்கலாம், ஆனால் அது தீரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது.

இந்தப் படிப்பில் சேர என்.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மொழி, மூன்று பாடம், பொது அறிவு, கற்பித்தல் திறன் என்று பிரித்துக் கேட்பார்கள். தமிழிலும் எழுதலாம். 2025-ல் தேர்வு ஏப்ரல் மாதத்தில் வந்தது, விண்ணப்பமோ பிப்ரவரியிலேயே திறந்துவிட்டது. அதாவது பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கும் நேரத்தில்! சென்ற முறை நம் பள்ளியில் இரண்டு பேருக்கு விருப்பம் இருந்தும் கடைசித் தேதி போன பிறகுதான் கேள்விப்பட்டார்கள். முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. இம்முறை ஜனவரியிலிருந்தே, இந்தத் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பைப் பார்த்து வகுப்பில் சொல்லிவிடுவோம்.

தேர்வு எழுதிவிட்டால் ஆயிற்று என்று இருந்துவிட வேண்டாம். எல்லா நிறுவனங்களிலும் புவியியல் இருக்காது. சிலவற்றில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். எந்த வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி என்பதும் பிரிவுக்குப் பிரிவு மாறும். தொடக்க வகுப்புக்கான பிரிவில் தெரியாமல் சேர்ந்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கும் ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடைநிலை, மேல்நிலை வகுப்புகளுக்கான பிரிவா என்று கேட்டுத்தான் சேர வேண்டும்.

அங்கீகாரமும் அப்படித்தான். நம் முன்னாள் மாணவன் ஒருவன் பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்து ஒரு கல்லூரியில் நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தான். இரண்டாம் வருடம்தான் அந்தப் படிப்பின் அங்கீகாரத்தில் சிக்கல் என்று தெரிந்தது. அங்கிருந்து விலகி, மூன்றாண்டுப் பட்டத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒரு வருடம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வருடம் போயிற்று. பழைய நான்காண்டுப் படிப்புகளை ஐ.டி.இ.பி.க்கு மாற்றும்படி, அங்கீகாரம் தரும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் சொல்லியிருப்பதால் இப்போது இன்னும் கவனம் தேவை. "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது" என்று கல்லூரி சொன்னால் போதாது. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கு, சேரும் படிப்புக்கு இருக்கிறதா என்று குழுமத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயர், முகவரியைக் கொண்டுவாருங்கள், நம் கணினி அறையில் உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

சரி, நான்கு வருடம் முடிந்ததும் வேலையா? இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் இருக்கிறது. 150 மதிப்பெண். பொதுப் பிரிவினருக்கு 90 வந்தால் தேர்ச்சி. சமூக அறிவியலுக்கு அதில் 60 கேள்விகள், புவியியல் அதற்குள் ஒரு பங்குதான். வரலாறு, குடிமையியல், பொருளியல் எல்லாம் சேர்ந்து வரும். மலையும் ஆறும் மட்டும் போதும் என்று வரலாற்றை ஒதுக்கும் பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள். தகுதித் தேர்வில் தேறிய பிறகு அரசுப் பள்ளி வேலைக்குத் தனியாக ஒரு நியமனத் தேர்வும் உண்டு. மேல்நிலை வகுப்புக்கு எடுக்க முதுகலைப் பட்டமும் வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். பாறை, கனிமம், புதைபடிவம் என்று ஆசைப்படும் பிள்ளைகள் ஜியாலஜி (நிலவியல்) படித்துவிட்டு ஆசிரியராகலாமே என்கிறார்கள். நல்ல படிப்புதான். ஆனால் நம் பள்ளிகளில் ஜியாலஜி என்று தனிப் பாடம் கிடையாது. நிலநடுக்கம், எரிமலை, மண், காலநிலை எல்லாம் புவியியலுக்குள்தான் வருகின்றன. பத்தாம் வகுப்புவரை சமூக அறிவியலில் ஒரு பகுதி, பதினொன்று, பன்னிரண்டில் தனிப் பாடம். பள்ளி ஆசிரியராவதுதான் குறி என்றால் புவியியலை எடுப்பதே நேரான வாசல்.

என் சொந்த அபிப்பிராயம், பதினேழு வயதிலேயே உறுதியாக இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த நான்காண்டுப் படிப்பு. "ஆசிரியர் வேலையும் பரவாயில்லை" என்கிற பிள்ளையை இதில் தள்ளாதீர்கள். பாதியில் மனம் மாறினால் கையில் என்ன சான்றிதழ் மிஞ்சும் என்பது சிக்கலான விஷயம், அதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உறுதியில்லாத பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் மூன்று வருடம் படிக்கட்டும். கட்டணமும் குறைவு. பி.எட். பற்றி அப்புறம் முடிவெடுத்துக்கொள்ளலாம்.

அந்த அப்பாவின் மகளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கொல்லையில் உழும்போது கிடைத்தது என்று அவள் கொண்டுவந்த அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம் என் மேசைமேல் இருக்கிறது. நம் அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. சிமெண்டு ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல்லே அதற்குச் சாட்சி. போன வருடம் காரை கிராமத்துப் பள்ளங்களையும் சாத்தனூர் கல்மரத்தையும் பார்க்கப் போனபோது, மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, இவள் 18 மீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கும் அந்த மரத்தின் ஓரமாக நடந்தபடி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரம் எப்படிக் கல்லாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட அவள் சொன்னது அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, விருப்பமுள்ள பெற்றோர் பிள்ளைகளோடு புவியியல் அறைக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல் கொண்டுவரவும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வர முடியாவிட்டால் மாலை 5 மணிக்கு மேல் வரலாம், நான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்