இடம் பார்க்கப் போன கதை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கூடவே உங்கள் ரிமோட் கார் பந்தயத்துக்காக நீ எழுதி அனுப்பிய பன்னிரண்டு பக்க விதிப்புத்தகத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். எல்லாம் சரி, பந்தயம் எங்கே நடக்கப்போகிறது என்று ஒரு வரிகூட இல்லையே! அளவெடுக்காமல் சட்டை தைத்து வைத்திருக்கிறாய்.

நாங்களும் போன மாதம் இடம் தேடித்தான் அலைந்தோம். முதலில் ஒரு வாகன நிறுத்துமிடம். தார்த் தரை, நீளமான நேர்பாதை, பார்த்தவுடன் ஆசை வந்தது. ஆனால் நடுவில் இரண்டு விளக்குக் கம்பங்கள். போதாததற்கு எந்த நேரத்திலும் ஆட்கள் குறுக்கே நடக்கிறார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அடுத்தது ஒரு உள்ளரங்கம். அங்கே ஓட்டுநர்கள் ரிமோட்டோடு நிற்கும் மேடை வரவேண்டிய இடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, பையனைக் காருடன் ஒவ்வொரு வளைவுக்கும் அனுப்பினேன். மூன்றாவது வளைவில் தூணுக்குப் பின்னால் கார் காணாமல் போனது. அப்படி ஓர் இடம் இருந்தால் விதிப்புத்தகத்துக்கு வேலையில்லை, தலைவிதிதான்! ஓட்டுநர் மேடையை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம், முழுப் பாதையும் தெரிந்தது.

அப்புறம் பார், பாதி விதிகளை அந்த அரங்கமே எழுதிக் கொடுத்தது. கார்பெட்டில் கறை படியும், நாற்றம் அடிக்கும் என்று அரங்கக்காரர் சொன்னதால் பிடிமானம் கூட்ட டயரில் மருந்து தடவத் தடை. மருந்து இல்லையென்றால் பிடிமானத்தில் ஏற்றத்தாழ்வு வருமே, அதனால் எல்லோருக்கும் ஒரே டயர். நேர்பாதை குட்டி, எனவே வேகம் மிகுந்த மாடிஃபைட் மோட்டாருக்கு இடமில்லை, கம்பிச்சுற்று அதிகமாகி வேகம் குறைந்த 17.5 டர்ன் மோட்டார் போதும். ஒரு ஓட்டத்துக்கு 5 நிமிடம். ஓடி முடித்தவர்கள் ரிமோட்டை வைத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு, கவிழ்ந்த காரை நிமிர்த்திவிடும் மார்ஷலாக வளைவுகளில் நிற்க வேண்டும். நிற்காமல் நழுவுகிறவருக்கு அவருடைய சிறந்த ஓட்டம் கணக்கில் வராது.

உன் வரைவில் ஒன்று உறுத்தியது. ‘சந்தேகம் வந்தால் மோட்டார் பிரித்துப் பார்க்கப்படும்’ என்கிறாய். யார் பிரிப்பார், நீயா? மேசையில் ஒரு நிமிடத்தில் சோதிக்க முடியாத விதியை எழுதாதே. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர், வேகத்தைக் கூட்டும் டைமிங்கைத் தராத நிலையில் இருந்தால் அதன் விளக்கு மினுக்கும், கண்ணே சாட்சி. இரண்டு செல் லிப்போ பேட்டரிக்கு வோல்ட்மீட்டரை வைத்தால் 8.40 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சாலைக் கார் போன்ற டூரிங் வகைக் காரின் அகலத்துக்கு 190 மில்லிமீட்டரில் ஒரு மரச்சட்டம் செய்துகொள், உள்ளே நுழையாத கார் வெளியே. சார்ஜ் போட்டுவிட்டு நகரக்கூடாது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடு. போன வாரம் அரட்டையில் மறந்துபோய், என் பேட்டரியே தலையணை மாதிரி உப்பிவிட்டது.

27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் காலம் நினைவிருக்கிறதா? கார்களைத் தயார் செய்யும் பிட்டில் யாரோ அதே அலைவரிசை ரிமோட்டைப் போட, முன்னால் போய்க்கொண்டிருந்த உன் கார் நேராகப் போய்ச் சுவரில் அடித்ததே! மறுநாளே அலைவரிசைக்கு ஒரு கிளிப், அதைக் கையில் வைத்திருப்பவர்தான் ரிமோட்டைப் போடலாம் என்று பலகை மாட்டினோம். ஒன்றோடொன்று குறுக்கிடாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்ததும் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டோம். நீ மட்டும் கிளிப் விதியை ஒன்பதாம் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறாய்.

இந்த ஞாயிறு நாற்காலியும் பழைய காரும் எடுத்துக்கொண்டு இடம் பார்க்கப் போ. நீளம், அகலம், தூண் எங்கெங்கே என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. மிச்சப் பக்கங்களை அதற்கப்புறம் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய மார்ஷல்