வினையூக்கி எப்படிச் செத்தது என்பதையும் எழுதுங்கள்

ஒலிஃபின் மெட்டாதீசிஸ் வினையூக்கிகளை உருவாக்கும் ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். கார்பன் இரட்டைப் பிணைப்புகள் தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்ளும் வினைதான் மெட்டாதீசிஸ்; அதற்காக நீங்கள் செய்து தரும் ருத்தீனியம், மாலிப்டினம் அணைவுகளை எடுத்துப் பயன்படுத்துகிறவர்களில் நானும் ஒருவன். 2005-இல் ஷோவான், கிரப்ஸ், ஷ்ராக் மூவரும் இந்த வினைக்காக நோபல் பெற்றதோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. Z வடிவத்தையே (இரட்டைப் பிணைப்பின் முக்கியத் தொகுதிகள் ஒரே பக்கம் இருப்பது; எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் E) தேர்ந்து தரும் மாலிப்டினம் வினையூக்கிகள் 2009-இல் வந்தன, 2011-இல் ருத்தீனியத்திலும் அது கைகூடியது. 2015-இல் வளைய அல்கைல் அமினோ கார்பீன் ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) கொண்ட ருத்தீனியம், மெத்தில் ஓலியேட்டை எத்திலீனால் பிளக்கும் வினையில் ஒரு வினையூக்கி மூலக்கூறுக்கு 3,40,000 சுழற்சிகளைத் தொட்டது. அசுர வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் அட்டவணைகளில் விளைச்சல் இருக்கிறது, E/Z விகிதம் இருக்கிறது; வினையூக்கி எப்போது, எதனால் செத்தது என்பது பெரும்பாலும் இல்லை.

அது எங்களுக்கு ஏன் முக்கியம்? நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனைப் போட்டால் ருத்தீனியம் மெத்திலிடீன் (ருத்தீனியத்தோடு ஒரு CH₂ இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த வடிவம்) உருவாகும். மிக பலவீனமான கட்டம் அது. பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் ஈனி உள்ள வினையூக்கியில், கழன்று போன பாஸ்பீனே திரும்பி வந்து அந்தக் கார்பனைத் தாக்கிவிடும். மேலே சொன்ன அமினோ கார்பீன் வகையிலோ இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து அழிவதுதான் பெரிய தொல்லை. முன்னதற்குப் பாஸ்பீன் இல்லாத ஹோவெய்டா வகைக்கு மாறலாம், பின்னதற்கு வினையூக்கியின் செறிவைக் குறைக்க வேண்டும். காரணம் தெரியாதவர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் வினையூக்கியைக் கொட்டுவார். அப்புறம் மருந்தில் தங்கும் ருத்தீனியத்தை எடுக்கப் படாத பாடு படுவார்; வாய்வழி மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் ஐசிஎச் (மருந்துத் தர நெறிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பு) வழிகாட்டுதலின் வரம்பு.

செத்ததும் சும்மா கிடப்பதில்லை. சிதைவில் பிறக்கும் ருத்தீனியம் ஹைட்ரைடுகள் (ஹைட்ரஜன் பிணைந்த சேர்மங்கள்) இரட்டைப் பிணைப்பை நகர்த்திவிடும். பெருவளையம் மூடும்போது ஒரு கார்பன் குறைந்த வளையமும் கூடவே வரும். அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். பென்சோகுயினோன் சேர்த்தால் பல நேரம் இந்த நகர்வு அடங்கும், சரி. ஆனால் அது தேவையா என்பதை முதலிலேயே சொல்லலாமே.

எனவே, விளைச்சலோடு நேர வரைபடத்தையும் தாருங்கள். வினையூக்கியின் அளவைக் குறைத்தபோது தோற்ற ஓட்டங்களை மறைக்காதீர்கள். குடுவை மூடியிருந்ததா, வினையில் பிறக்கும் எத்திலீன் வெளியேற வழி விட்டீர்களா என்று ஒரு வரி எழுதினாலே எங்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில் பாதி குறைந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வினையூக்கிகளைப் பயன்படுத்தும் ஒருவன்