யானைக்குட்டியைத் தும்ம வைத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

நம் யானைக்குட்டிப் படக்கதைப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அட்டையில் என் பெயரும் ஓவியரின் பெயரும் இருக்கின்றன. பதிப்பு விவரம் போடும் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னும் சிலர். அங்கேயும் இடம் கிடைக்காதவர்கள்தான் உங்களில் அதிகம். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி என் அக்கா மகளுக்கு. தும்மல் வந்தும் வராமல் தவிக்கும் யானைக்குட்டியின் கதை அவளைத் தூங்க வைக்க நான் சொன்னது. அவள் தூங்கவில்லை. மறுநாள் ஒரு வரியை மாற்றிச் சொன்னால், "சித்தி, நேத்து அப்படிச் சொல்லலையே" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் பிடிவாதமாகத் திருப்பிக் கேட்ட வரிகள்தாம் இன்று அச்சில் இருக்கின்றன. அவள் கண்டுகொள்ளாமல் விட்டவை எல்லாம் பின்னால் தாமாகவே உதிர்ந்துபோயின.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் புத்தக உலகம் பழைய கடன்காரன். ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893-இல், உடல்நலமில்லாத ஒரு சிறுவனுக்குப் படம் வரைந்து எழுதிய கடிதம்தான் பின்னாளில் அவருடைய முயல் கதையானது. புத்தகமாக்க நினைத்தபோது அவர் அந்தக் கடிதத்தை அவனிடமே இரவல் வாங்கினார். அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். பதிப்பாளர்கள் கைவிரித்ததால் 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டே, முன்பு மறுத்த பதிப்பகங்களில் ஒன்று அதை வெளியிட்டது. எனக்கு இதில் பிடித்த ஆள் பதிப்பாளர் இல்லை, கடிதத்தைத் தூக்கிப் போடாத அந்தப் பையன்.

என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய பதிப்பாசிரியர் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலான மறுப்புகளில் "எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நீங்கள் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: "கதை முழுக்க அம்மா யானைதான் யோசிக்கிறது, குட்டி எப்போது யோசிக்கும்?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியதில்தான் கதை திரும்பவும் குட்டியிடம் வந்து சேர்ந்தது.

பிறகு, கதையை ஏற்றுக்கொண்ட என் பதிப்பாசிரியர். படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். ஒரு ஃபாரத்துக்கு (அச்சிட்டு மடிக்கும் ஒரு பெரிய தாளுக்கு) 16 பக்கம் என்றால் இரண்டு ஃபாரம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் என்று போக, கதைக்கு எஞ்சுவது ஏறக்குறைய பதினான்கு விரிப்புகள், அதாவது எதிரெதிர்ப் பக்க இணைகள். இது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் வெற்றுத் தாள்களை மடித்துத் தைத்து, என் வரிகளைக் கத்தரித்து ஒட்டி ஒரு மாதிரிப் புத்தகம் செய்து கொடுத்த பிறகுதான் பக்கம் புரட்டுவதும் கதையில் ஒரு வரி என்பது விரலுக்குப் புரிந்தது. "ஹ்... ஹா..." வலப்பக்கக் கடைசியில். "ஹச்சூ!" புரட்டிய பிறகு. இரண்டும் எதிரெதிரே இருந்திருந்தால் கண் முந்திக்கொண்டு தும்மலைப் பார்த்துவிட்டிருக்கும்.

ஓவியரே, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. யானையின் காது எப்படி ஆடியது, சேறு எந்த நிறம், மரத்தில் எத்தனை குரங்கு என்றெல்லாம் எழுதி அனுப்பியிருந்தேன். அவற்றைச் சுற்றி மெல்லிய பென்சிலில் வட்டம் போட்டு, "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று திருப்பி அனுப்பினீர்கள். வட்டம் போட்டதை எல்லாம் நீக்கினால் பாதிக் கதை காலி. ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன் (இப்போது சொல்லிவிடலாம்). பிறகு ஓவியங்கள் வந்தன. நான் எழுதவே எழுதாத ஓர் எறும்பு, தும்மல் எந்த நேரமும் வரலாம் என்று குடையை விரித்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் யானைக்குப் பின்னால் நடந்தது. கதை சொல்கிற பெரியவர் எழுத்தைப் படிக்கிறார். எழுத்துத் தெரியாத பிள்ளை அந்த நேரத்தில் எறும்பைப் படிக்கிறது. பெரியவருக்குத் தெரியாத ஒன்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமையை நீங்கள் கொடுத்தீர்கள். என் வரிகளால் அது முடிந்திருக்காது.

அச்சகத்தாருக்கு என் பெரிய கும்பிடு. சாம்பல் நிற யானை அச்சுக்காரர்களின் தலைவலி என்று யாரும் என்னிடம் முன்பே சொல்லவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் கொண்டுவந்தால், ஒன்று இம்மி கூடினாலும் யானை ரோஜா நிறமாகும், அல்லது பாசி பிடிக்கும். சரிபார்க்க எடுத்த மாதிரி அச்சில், அதாவது முதல் மெய்ப்பில், இரண்டும் நடந்தன. மூன்று மைகளையும் குறைத்து, கறுப்பைக் கொண்டு சாம்பலை நிலைநிறுத்தியது நீங்கள். எழுத்துகளைக் கறுப்பில் மட்டும் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். நாளை வேறு மொழியில் வந்தால் கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதுமாம். நடு மடிப்பில் யானையின் கண் விழுங்கப்படுவதைப் பார்த்து அச்சை நிறுத்திய அந்தப் பெரியவர், தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார்.

மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் கணக்கு வழக்குப் பார்த்தவர்களுக்கும் நேரில் சொல்லிவிட்டேன்; இங்கும் ஒருமுறை, நன்றி.

புத்தகம் வெளிவருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய நூலகர் அம்மாவுக்கு: நீங்கள் வாசித்தபோது என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்து, "புத்தகத்தைப் பார்க்காதீங்க, பிள்ளைங்க முதுகைப் பாருங்க" என்றீர்கள். சிறு பிள்ளைகள் சலிப்பை வாயால் சொல்வதில்லை. செருப்பு வாரை நோண்டுவார்கள், பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுப்பார்கள். மூன்று இடங்களில் முதுகுகள் நெளிந்தன. அந்த மூன்று வரிகள் இப்போது புத்தகத்தில் இல்லை. வாய்விட்டு வாசிக்கையில் நீங்கள் மூச்சுக்குத் திணறிய ஒரு நீண்ட வாக்கியத்தையும் அன்றே இரண்டாக உடைத்தேன்.

கடைசியாக, வாசிப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "இந்தப் பக்கத்துல எறும்பு குடைய எங்க வெச்சிருச்சு?" என்று கேட்ட பையனுக்கு. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஓவியரிடம் கேட்டேன், தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். படங்களின் வண்ணத் தகடுகள் அதற்குள் தயாராகிவிட்டதால் முதல் பதிப்பில் எறும்பு அந்த ஒரு விரிப்பில் குடையில்லாமல்தான் நடக்கிறது. மறுபதிப்பு வந்தால் குடை வரும். அதில் ஒரு பிரதி உனக்கு, தம்பி. நூலகர் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
யானைக்குட்டியின் கதைக்காரி