செல்லி உறுமினால் உறுமட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் யாராவது எதையாவது கடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மூன்று பேரும் மூன்று மூலையில் தூங்குகிறார்கள், எழுந்திருப்பதற்குள் எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது, அதனால் ஒரு நாய்க்குட்டி எடுத்து வளர்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். எடு, நல்லதுதான். ஆனால் "பெரியவனுக்கும் ஒரு துணை ஆகும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 9 வயதான உன் நாய்க்குத் துணை வேண்டுமா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என் செல்லியிடம் கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செல்லியை உனக்குத் தெரியும், நீ வந்திருந்தபோது உன் மடியில் தலை வைத்துத் தூங்கினாளே, அவளுக்கு இப்போது 11 வயது. எங்கள் இன்னொரு நாய் கருப்பனுக்கு 4. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் குட்டிக்குப் பொட்டு என்றே பெயர் வைத்துவிட்டோம். 8 வாரம் முடிந்த பிறகுதான் தாயிடமிருந்து கூட்டி வந்தோம், இதில் நீயும் அவசரப்படாதே. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு கடித்து, கடி வாங்கும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்று அதற்குப் புரிகிறது. சீக்கிரமே பிரித்து எடுத்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது, மீதியை வீட்டில் இருக்கிற பெரிய நாய்தான் பொறுத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் சந்திப்பை ஒழுங்காகத்தான் செய்தோம். வீட்டுக்குள் நேராகக் கொண்டுபோய் விடாமல், வேறு நாய்கள் வந்து போகாத, வேலி போட்ட ஒரு திறந்தவெளியில், ஒரு நேரத்துக்கு ஒரு நாய் என்று காட்டினோம். கயிறு கையில் இருந்தாலும் தொய்வாகவே விட்டோம், ஏனென்றால் கயிறு இறுகினாலே நாய்க்கு ஏதோ ஆபத்து என்று தோன்றிவிடும். கருப்பன் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வா என்று கூப்பிட்டுவிட்டான். செல்லி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டை இல்லை, சரி, ஏற்றுக்கொண்டாள் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அது ஏற்றுக்கொண்டது இல்லை. அடுத்த நாட்களில் பொட்டு அவள் காதைப் பிடித்து இழுத்தாள், வாலில் தொங்கினாள், தூங்குகிறவள் மேல் ஏறிக் குதித்தாள். செல்லி முகத்தைத் திருப்பினாள், உதட்டை நக்கினாள், தூக்கம் வராமலேயே கொட்டாவி விட்டாள், எழுந்து அடுத்த அறைக்குப் போனாள், பொட்டு பின்னாலேயே போனாள். இத்தனையும் "வேண்டாம்" என்பதற்கு நாய்கள் சொல்கிற வார்த்தைகள்தான், எனக்கு அப்போது அது ஒன்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் அவள் உறுமினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, "சீ, சின்னக் குழந்தை அது" என்று அவளை அதட்டினேன். அவள் ஒவ்வொரு முறை உறுமும்போதும் அதட்டினேன். இரண்டு வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், தூங்கிக்கொண்டிருந்த செல்லியின் இடுப்பில் பொட்டு பாய்ந்து ஏறினாள். உறுமல் இல்லை, ஒரு சத்தம் இல்லை, திரும்பிய வேகத்தில் ஒரே கவ்வு. பொட்டு வீறிட்ட வீறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணுக்கு மேலே, ஒரு விரல் அகலம் கூட இல்லாத தூரத்தில் தோல் கிழிந்திருந்தது. கையில் ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. காயத்தைச் சுத்தம் செய்துகொண்டே அவர், "முன்னாடி உறுமிக்கொண்டிருந்தாளா?" என்று கேட்டார். ஆமாம், நாங்கள்தான் அதட்டி நிறுத்தினோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. உறுமல்தான் எச்சரிக்கை, அதை வாயடைத்துவிட்டால் அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி பல் என்று மட்டும் சொன்னார். பிறகு செல்லியையும் கூட்டி வரச் சொல்லி, பின்னங்கால்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார். இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். எத்தனை மாதமாக வலியோடு இருந்தாளோ, சோபாவில் ஏறுவதை நிறுத்தியபோது வயசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்று ராத்திரி அவள் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் வீட்டு ஏற்பாடே மாறியது. செல்லிக்கு ஓர் அறை, வாசலில் பொட்டு தாண்ட முடியாத உயரத்துக்குத் தடுப்பு. செல்லி உறுமினால் உறுமட்டும், நாங்கள் அவளை ஒன்றும் சொல்வதில்லை, குட்டியைத்தான் தூக்கி வேறு பக்கம் கொண்டுபோகிறோம். இதில் ஓர் அதிசயம், அவள் உறுமினால் நாங்கள் கேட்போம் என்று தெரிந்த பிறகு அவள் உறுமுவதே குறைந்துவிட்டது, முகத்தைத் திருப்பினாலே நான் எழுந்து போய்விடுகிறேன்.

பெரியவன்தான் தலைவன், குட்டியை அவனே அதட்டி வைப்பான், நாம் நடுவில் போகக் கூடாது என்று உன் வீட்டுக்காரர் சொல்வதாக எழுதியிருந்தாய். அந்தத் தலைவன் கதை ஓநாய்களிடமிருந்து வந்தது, அதுவும் ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் வைத்துப் பார்த்ததிலிருந்து. டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் எழுதியதால்தான் அது ஊரெல்லாம் பரவியது, காட்டில் பல வருடம் பார்த்த பிறகு அவரே 1999இல், கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மாவும் பிள்ளைகளும்தான், யாரும் சண்டை போட்டுத் தலைவன் ஆவதில்லை என்று திருத்தி எழுதினார். அதனால் உன் வீட்டுக்காரரிடம் சொல், நடுவில் போகத்தான் வேண்டும்.

கருப்பனோடு கதையே வேறு. அவன் நல்ல வாத்தியார். பொட்டு அழுத்திக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு நகர்ந்து போவான், அவள் அடங்கியதும் திரும்பி வருவான், சில நேரம் வேண்டுமென்றே மல்லாக்கப் படுத்து அவள் ஜெயிக்கட்டும் என்று விடுவான். பார்க்கிறவர்களுக்குச் சண்டையா விளையாட்டா என்று புரியாத அளவுக்குச் சத்தம் வரும். எனக்குச் சந்தேகம் வந்தால் மேலே இருக்கிறவரைப் பிடித்துச் சற்று நிறுத்துவேன், கீழே இருந்தவர் எழுந்து மறுபடியும் இவரைத் தேடி வந்தால் அது விளையாட்டு, நைசாக நழுவிப் போனால் போதும் என்று அர்த்தம். இந்த ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள், ரொம்ப உதவும். ஒன்றுக்குப் போக வேண்டிய இடத்தைக்கூட அவள் கருப்பனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள், ஆனாலும் முதல் சில வாரம் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து கூட்டிப் போக வேண்டியிருந்தது, அதற்குத் தயாராக இரு.

ஆனால் இவ்வளவு நல்ல கூட்டாளி இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுக்கக் கருப்பனோடேயே விட்டதில் பொட்டுக்கு எங்கள் குரலே காதில் விழவில்லை, அவன் ஓடினால் ஓடினாள், அவன் இல்லாவிட்டால் அழுதாள். அதனால் தினமும் அவளைத் தனியாக வைத்து ஐந்தைந்து நிமிடமாக நாலைந்து தடவை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம், தனியாக நடக்கக் கூட்டிப் போனோம், தனியாகச் சிறிது நேரம் இருக்கவும் பழக்கினோம். அதே மாதிரி செல்லியும் நானும் மட்டும் போகிற ஒரு நடை உண்டு, தூரம் ஒன்றும் இல்லை, அவள் ஒவ்வொரு செடியாக நின்று மோந்து பார்ப்பாள், நான் காத்திருப்பேன். குட்டி வந்த பிறகு அவள் இழந்ததில் இந்த நேரத்தையாவது திருப்பிக் கொடுக்க முடிகிறதே என்று இருக்கிறது.

தூக்கத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அந்த வயசுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். மற்ற நாய்கள் நடமாடுகிற வீட்டில் அதுவாகத் தூங்காது, தூக்கம் கெட்ட குட்டிதான் வெறி பிடித்த மாதிரி எல்லோரையும் கடிக்கும். நேரம் பார்த்துக் கூண்டில் விட்டுத் துணி போர்த்தியதும்தான் எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாப்பாடு மூன்று பேருக்கும் மூன்று இடத்தில், கதவைச் சாத்தி. முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிடு. குட்டிகளுக்கான தீனியில் சத்து அதிகம், பெரியவன் அதைத் தின்றால் எடை போடுவான். இன்னொன்று, செல்லிக்கு வலி மாத்திரை கொடுக்கிறார்கள், நாய் விரும்பித் தின்னட்டும் என்று கறிச் சுவையோடு வருகிறது, குட்டி கையில் டப்பா கிடைத்தால் மொத்தத்தையும் மிட்டாய் மாதிரி தின்றுவிடும், சிறுநீரகமே போய்விடலாம். பூட்டி வை.

ஊசி விஷயத்தில்தான் நான் நிறையப் பயந்தேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது, அது எப்போது தீரும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் மாறும், அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து 16 வாரம் வரைக்கும் இடைவெளி விட்டு விட்டுப் போடுகிறார்கள். ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயம் தெளிய வேண்டிய வயதோ 3 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஊசி முடியட்டும் என்று வீட்டிலேயே அடைத்து வைத்தால் அந்தக் காலம் போய்விடும், தரையில் விட்டால் பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோய் வந்துவிடலாம், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நான் அவளைத் தூக்கிக்கொண்டே அலைந்தேன், வண்டிச் சத்தம், குழந்தைகள், குடை, மழை எல்லாவற்றையும் என் தோளில் இருந்தே பார்த்தாள். உன் முழங்காலுக்கு அது முடியுமா என்று யோசித்துக்கொள்.

அந்த நாட்களில் தூக்கம் வராமல் படித்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஏறக்குறைய 14,000 வருடத்துக்கு முந்திய ஒரு புதைகுழியைக் கண்டெடுத்தார்கள், இரண்டு மனிதர்களோடு ஒரு நாய்க்குட்டியும் அதில் இருந்தது. சாகும்போது அதற்கு 7 மாதம்தான். பல்லில் இருந்த தழும்புகளைப் பார்த்த ஆய்வாளர்கள், அதற்கு டிஸ்டம்பர் என்கிற கொடிய நாய் நோய் வந்திருக்க வேண்டும், யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொள்ளாமல் அத்தனை வாரம் பிழைத்திருக்காது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலைக்கும் ஆகாத நோயாளிக் குட்டி அது. அந்த எலும்புகளோடு இன்னொரு நாயின் பல்லும் இருந்தது, குட்டியைவிட வயதில் மூத்த நாய். அந்த வீட்டிலும் ஒரு செல்லி இருந்திருக்கிறாள் என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது பொட்டுக்கு 6 மாதம். பால் பல் எல்லாம் விழுந்துவிட்டது. குட்டி என்பதற்காக இதுவரை செல்லி விட்டுக்கொடுத்ததெல்லாம் இனிமேல் குறையும், அதனால் தடுப்பை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. ஒரே அறையில் தள்ளித் தள்ளிப் படுக்கிறார்கள், செல்லி தண்ணீர் குடிக்கும்போது பொட்டு நின்று காத்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

நீ முதலில் பெரியவனை டாக்டரிடம் காட்டு, மூட்டு, காது, கண், பல் எல்லாம் பார்க்கச் சொல். அவனுக்குக் கருத்தடை ஆகவில்லை என்று ஞாபகம். பெண் குட்டி எடுத்தால் 6 மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வந்துவிடும், அதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துகொள். அப்புறம், வெளியே நடக்கும்போது சின்ன நாய் எதிரே வந்தால் அவன் என்ன செய்கிறான் என்று ஒரு வாரம் கவனித்துப் பார். வாலை ஆட்டிக்கொண்டு போகிறானா, உன் காலுக்குப் பின்னால் வருகிறானா? பின்னால் வருகிறான் என்றால் குட்டி வேண்டாம், மூன்று நான்கு வயதில் அமைதியான ஒரு நாயைப் பார், வீடு தேடிக்கொண்டிருக்கிற அப்படி எத்தனையோ இருக்கிறது.

என்ன பார்த்தாய் என்று மறக்காமல் எழுது. பொட்டு எழுந்துவிட்டாள், கருப்பனும் கதவருகே போய் நிற்கிறான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி