முதிர்ந்த குரலுக்கும் புதிய பாட்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1962இல் லண்டனில் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழு, 2005க்குப் பிறகு தன் சொந்தப் பாடல்களைக் கொண்ட முழுத் தொகுப்பை 2023இல்தான் வெளியிட்டது. இடையே 2016இல் வந்தவை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ் இசையில் பிறருடைய பழைய பாடல்களே. மலைக்கு அப்பால் புனலூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஒலிநாடாக்களில் இவர்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் 18 ஆண்டுக் காத்திருப்பு மிக நீண்டதாகவே இருந்தது. 2021இல் மறைந்த குழு உறுப்பினர் சார்லி வாட்ஸ் முன்பே டிரம்ஸ் வாசித்துவைத்த இரண்டு பாடல்களும் அதில் இடம்பெற்றதை அறிந்து கேட்டபோது கண் கலங்கினேன். எண்பதை நெருங்கிய வயதில் குழுவின் பாடகர் மிக் ஜாகர் பாடியதை அவருடைய இருபது வயதுப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் குறைகூறுவது நியாயமன்று. கச்சேரியில் பழைய பாட்டையே கேட்டு ஆரவாரிப்பவர்களும் நாம்தானே! மூத்த கலைஞர்களின் புதிய படைப்புகளுக்குத் தங்கள் இசைப் பகுதியில் விமர்சனம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை.