பூனைக்கு எதற்கு வசனம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காலாண்டு லீவுக்கு வந்திருக்கும் பேரனோடு உட்கார்ந்து நானும் டாம் அண்ட் ஜெர்ரி பார்க்கிறேன். தமிழ் சேனல் ஒன்றில் பூனை ஓடினால் "ஓடுறான் பாரு ஓடுறான்" என்கிறது ஒரு குரல். எலி படுத்தால் "தலைவர் தூங்குறாரு" என்கிறது. முப்பத்தெட்டு வருஷம் கோயிலில் தவில் வாசித்தவன் நான். காது பொறுக்கவில்லை.

ஹன்னா, பார்பெரா என்ற இருவர் 1940-இல் தொடங்கிய அந்தப் படங்களில் இசைதான் வசனம். ஸ்காட் பிராட்லி என்பவர் அமைத்தது. பூனை பதுங்கி வைக்கிற ஒவ்வொரு அடிக்கும், தவிலில் தட்டு விழுகிற மாதிரி, ஒரு ஒலி விழும். சாமி புறப்பாட்டில் பல்லக்கைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் நடையைப் பார்த்துத்தானே நாங்களும் காலத்தைப் பிடிக்கிறோம்!

1947-இல் வந்த 'தி கேட் கன்செர்ட்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். பூனை கோட்டு போட்டுக்கொண்டு, பெரிய வித்வான் தோரணையில் பியானோ முன் உட்கார்ந்து, லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய 'ஹங்கேரிய ராப்ஸடி' என்ற இசையை வாசிக்கிறது. பியானோவுக்குள்ளே கம்பியைத் தட்டும் சுத்தியல்கள் மேல் தூங்கிய எலிக்குக் கோபம். இரண்டு கட்டைகளை உருவிவிட்டு அங்கே எலிப்பொறியை வைத்துவிடுகிறது. பூனையின் விரல்கள் பொறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாசிக்கின்றன. மாட்டவில்லை. மறுபடியும் மாட்டவில்லை. தாளக் கணக்கை முடிக்கும் கோர்வை எங்கே வந்து விழப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி நமக்கு மூச்சு நிற்கிறது. அப்புறம்தான் 'டப்'.

சம்பா வயலில் அப்பா எலி பிடிக்க மூங்கில் கிட்டி வைத்த நாட்களில் வரப்பில் நின்று அந்த 'டப்'புக்குக் காது கொடுத்திருக்கிறேன். யாராவது வாயைத் திறந்தால் அப்பா முறைப்பார்.

சேனல்காரர் என்ன செய்கிறார்? விரல் பக்கத்தில் போனதுமே "மாட்டப் போறான்டா" என்று சொல்லிவிடுகிறார்! கச்சேரி நடுவே ஒருவர் மைக்கைப் பிடித்து, "இப்போ தவில்காரர் தீர்மானம் வைக்கப் போறார்" என்று, வாசிப்பை முடிக்கும் அடியை முன்கூட்டியே சொன்னால் எப்படி இருக்கும்? பூனையின் அலறல் ஹன்னாவே கொடுத்த குரல். அதன் மேலும் இவர் சிரிப்பு.

மொழி தெரியாத பிள்ளைகளுக்காக என்பார்கள். படத்தில் மொழியே இல்லை, சார்.

ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், எங்கள் கேபிள் பெட்டியில் அது வேலை செய்யவில்லை. கடைசியில் பேரன் அவன் அம்மாவின் போனில் பழைய படத்தைத் தேடிப் போட்டான். பொறி வந்த இடத்தில் "தாத்தா, இப்ப என்ன ஆகும்?" என்றான்.

"பேசாம பாரு" என்றேன்.

சேனல்காரர்கள் கண்ணில் படும்படி இதை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோயில் தவில்காரர்,
திருவாரூர்.