குதிரைவலுவுக்கு முன்னர் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, உயரமான உடலும் பெரிய முன்சக்கரமும் கொண்ட அட்வென்ச்சர் வகை மோட்டார் சைக்கிள்களின் விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எனக்குத் தெரிந்தவரையில் அவற்றை மிகுந்த ஆவலோடு பார்ப்பவர்கள் இளைஞர்கள் அல்லர். இருபது வயதில் ஓட்டிவிட்டு, கலியாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒதுங்கியிருந்து, பிள்ளைகள் தலையெடுத்த பின்னர் மறுபடியும் வீதியில் இறங்க விரும்பும் ஐம்பது வயதுக்காரர்களே அவர்கள். நானும் அவர்களில் ஒருவன். எங்களைப் போன்றோர் கடைக்குப் போனால் முதலில் எஞ்சினின் கொள்ளளவையும் குதிரைவலுவையும் விசாரிக்கிறோம். முதலில் விசாரிக்க வேண்டியவை இருக்கையின் உயரமும் வண்டியின் எடையுமே என்பதை நான் காயப்பட்டுத்தான் அறிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளில் நான் ஓட்டியது ஹோண்டா சிடி 125 பென்லி. அதில் அமர்ந்தால் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் ஊன்றும். வெள்ளவத்தையின் குறுக்கு ஒழுங்கைகளில் அதை ஒரு கையால் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். அந்த நினைவோடுதான் கடந்த ஆண்டு நண்பர் ஒருவரின் உயரமான வண்டியை, ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ளதை, இரவல் வாங்கிக்கொண்டு ஏ-4 வீதி வழியாக இரத்தினபுரி, பலாங்கொடை கடந்து அப்புத்தளைக்குப் போனேன். பெரகலையிலிருந்து ஏறும் வளைவுகளில்கூட எந்தச் சிரமமும் இருக்கவில்லை. தம்பேதன்ன தோட்டப் பாதையில் எதிரே ஒரு கொழுந்து லொறி வந்தது. ஓரமாக ஒதுங்கி நிறுத்தி, இடது காலை ஊன்றினேன். பாதையின் விளிம்பு அந்த இடத்தில் அரை அடியளவு தாழ்ந்திருந்தது. நுனிவிரல் தேடிய இடத்தில் தரை இல்லை. வண்டி சரியத் தொடங்கிய பின்னர் அதைத் தாங்கிப் பிடிக்கும் வலு என் முழங்காலில் இருக்கவில்லை. கணுக்கால் வண்டிக்கடியில் அகப்பட்டுக்கொண்டது; கிளட்ச் பிடியும் ஒரு பக்கக் கண்ணாடியும் உடைந்தன. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கியிராவிட்டால், நான் தனியே அதை நிமிர்த்தியிருக்க முடியாது. வேகமோ வளைவோ என்னை விழுத்தவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வகை வண்டிகள் உயரமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கல்லிலும் குழியிலும் சக்கரம் ஏறி இறங்க சஸ்பென்ஷனுக்கு நீண்ட அசைவு வேண்டும்; எஞ்சினின் அடிப்பாகம் கல்லில் மோதாதிருக்க இடைவெளி வேண்டும். இவற்றின் விலையை இருக்கை உயரமாகக் கொடுக்கிறோம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டி 2019இல் வெளிவந்தபோது அதன் எடை 154 கிலோ, இருக்கை உயரம் 823 மில்லிமீற்றர். ரோயல் என்பீல்ட் ஹிமாலயனின் 411 சிசி வண்டியில் இருக்கை 800 மில்லிமீற்றராகத் தாழ்ந்திருந்தாலும் எடை 199 கிலோவை எட்டியது. 2023 நவம்பரில் வெளியான 452 சிசி ஹிமாலயன் 196 கிலோ. இருக்கையை 825, 845 ஆகிய இரு நிலைகளில் வைக்கலாம். படங்களில் எல்லோரையும் மயக்கும் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. அதன் வழமையான இருக்கை 850 அல்லது 870 மில்லிமீற்றர். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இந்நாட்டில் என் வயதுக்காரர்களிடையே அது குள்ளமன்று. கால் உள்ளளவு, அதாவது கவட்டிலிருந்து பாதம் வரையான நீளம், 760 மில்லிமீற்றரளவில் இருக்கும் ஒருவருக்கு இந்த எண்களின் பொருள் என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

எண் மட்டும் போதாது. இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் இன்னும் குறைந்தே எட்டும்; ஆகவே 820 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒடுங்கிய இருக்கை, 800 மில்லிமீற்றர் உயரமுள்ள அகன்ற இருக்கையைவிட எளிதாக இருக்கக்கூடும். கண்காட்சிக் கூடத்தின் சமதரையில் இரண்டு நிமிடம் அமர்ந்து பார்ப்பதால் எதுவும் தெரியாது. ஓட்டும்போது அணியப்போகும் சப்பாத்தோடு போக வேண்டும். வண்டியை வெளியே சரிவான இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒரு காலை மட்டும் ஊன்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். இறங்கி நின்று, கையால் பின்னோக்கித் தள்ளி, ஓர் ஒழுங்கையின் அகலத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். கூடத்தில் நிற்கும் வண்டியில் பெற்றோல் இருப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. 17 லீற்றர் தாங்கியை நிரப்பினால் ஏறத்தாழ பன்னிரண்டரைக் கிலோ கூடும். அதுவும் வண்டியின் மேற்பகுதியில் கூடும். பின்னால் பெட்டிகளைப் பூட்டினால் இன்னும் ஏறும்.

"உயரத்தைக் குறைத்துத் தரலாம்" என்று ஒரு விற்பனை நிலையத்தில் என்னிடம் சொன்னார்கள். குறைக்கலாம்தான். ஆனால் அடிப்பாக இடைவெளியும் கூடவே குறையும். ஹாண்டிலைத் திருப்பும்போது வண்டி நடந்துகொள்ளும் தன்மை மாறும். பக்க ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்காவிட்டால் நிறுத்திய வண்டி மறுபக்கம் சாயும். கரடுமுரடான பாதைக்கென்று வாங்கும் வண்டியின் அந்தத் தகுதியையே குறைத்துக்கொள்வதைவிட, தொடக்கத்திலேயே பொருத்தமான வண்டியை வாங்குவது மேல்.

வலுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. நகருக்கு வெளியே வேக எல்லை 70 கிலோமீற்றர். ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் இங்கே செய்யக்கூடிய வேலை மிகக் குறைவு. எடை குறைந்த வண்டியின் பயனோ எதிர்பாராத இடங்களில் தெரிய வரும். ஹபரணையிலிருந்து திருகோணமலை போகும் வீதியில் அந்தி நேரத்தில் யானை குறுக்கே நின்றால், வண்டியைக் காலால் உந்தித் திருப்பிக்கொண்டு விலகுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரத்தில் 250 கிலோவை யார் திருப்புவது?

பழைய ஜப்பானிய 250 சிசி வண்டிகளான ஹோண்டா பாஹா, சுசுகி ஜெபெல் போன்றவற்றையும், யமஹா செரோவையும் விரும்பித் தேடுவோர் பலர். அவற்றின் எடை பெரும்பாலும் 140 கிலோவுக்குட்பட்டது என்பதால் அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். எனினும் அவற்றில் பல கால் நூற்றாண்டைக் கடந்தவை. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு நேரில் ஒப்பிட்டுப் பார்க்காமலும், உதிரிப்பாகம் கிடைக்குமா என்று நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் கேட்காமலும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பழைய வண்டியின் ட்ரம் பிரேக்கை முழுக் கையாலும் இறுக்கிப் பழகிய கை, இன்றைய டிஸ்க் பிரேக்கையும் அதே பலத்தோடுதான் இறுக்கும். சரளையிலோ மழை நனைத்த தாரிலோ முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவதற்கு ஒரு கணம் போதும். இதனால்தான் எங்கள் வயதுக்காரர்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியை, மேலே சொன்ன பழைய வண்டிகள் உட்பட, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது என்று கருதுகிறேன். கால் குணமான பின்னர் ஞாயிறு காலைகளில் ஒரு வெறும் மைதானத்தில், கிளட்சைப் பாதி விட்டுப் பிடித்தபடி மெதுவாக வட்டமிடுவதையும், முன்பிரேக்கைச் சிறிது சிறிதாக அழுத்தி நிறுத்துவதையும் புதிதாகக் கற்பவனைப் போலவே பழகினேன். அதன் பிறகே 154 கிலோ எடையுள்ள 200 சிசி வண்டியொன்றை வாங்கினேன். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்களே தவிர, ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கு, விரும்பினால் சேரக்கூடிய ஒரு நாள் மீள்பயிற்சியையாவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒழுங்கு செய்தால் பலருக்கும் பேருதவியாக இருக்கும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். புதிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதும்போது விலைக்கும் சிசிக்கும் அருகிலேயே, பெற்றோல் நிரப்பிய நிலையிலான எடையையும் இருக்கை உயரத்தையும் மில்லிமீற்றரில் தவறாது அச்சிடுங்கள். ஓட்டிப் பார்த்து எழுதுபவரின் சொந்த உயரத்தையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், வாசிப்பவர் தம் காலை அந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போவார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06